எப்படி?

சென்ற தை மாதத்தில் நாலு நாள் ஆயக்குடியில் இருந்தேன். பழநிக்குக் கிழக்கே, திண்டுக்கல் போகும் சாலையின்மேல் இருக்கிறது அந்த ஊர். பழநியில் கொய்யாப்பழம் வாங்கித் தின்றவர்களுக்கு, ஊரைத் தெரியாவிட்டாலும் பேரைத் தெரிந்திருக்கும். என் பள்ளித் தோழன் ஒருவன் அங்கே கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறான். "பட்டணத்திலே அடைஞ்சு கிடக்கிறியே, ஒரு தடவை வந்து காத்து வாங்கிட்டுப் போயேன்" என்று பல வருஷங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போனேன்.

காற்று வாங்கப் போன இடத்தில் கிரிக்கெட் அம்பயராக நிற்க நேர்ந்தது. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

இரண்டாம் நாள் மாலை. தோப்பை ஒட்டிய தரிசில் பையன்கள் மூன்று குச்சிகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். தெற்கே மலைத்தொடர் நீலமாக நின்றது. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்களின் 'அரோகரா' சாலையிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. தலைவன் மாதிரி இருந்த ஒரு பையன் எங்களிடம் வந்தான்.

"தாத்தா, அம்பயருக்குப் பொதுவான ஆள் வேணுங்க. வந்து நிக்கறீங்களா?"

என் தோழன் சிரித்தான். "கூட்டிக்கிட்டுப் போங்கடா. ஆனா ஒண்ணு, இவரு கதை எழுதறவரு. பொய் சொன்னாலும் நெசம் மாதிரியே சொல்லுவாரு. பாத்துக்குங்க!"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பின் நடுவே எனக்கு ஒரு முள் தைத்தது. அது என்ன முள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பையன் 'பொதுவான ஆள்' என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களிலும் களத்து மேடுகளிலும் நடக்கும் கிரிக்கெட்டுக்கு, லார்ட்ஸ் மைதானத்துப் பெரியவர்கள் எழுதாத சட்டங்கள் சில உண்டு. அவற்றில் முதலாவது, அடித்து ஆடுகிற கட்சிதான் அம்பயரையும் தர வேண்டும் என்பது. பந்து பொறுக்குகிற கட்சியில் ஒவ்வொருவனுக்கும் வேலை இருக்கிறது. அடிக்கிற கட்சியில்தான் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். ஆகவே அவர்களில் ஒருவன் அம்பயர். சௌகரியத்துக்காக ஏற்பட்ட இந்தச் சட்டத்திலிருந்து இரண்டாவது சட்டம் தானாகவே பிறந்துவிட்டது: எல்.பி. கிடையாது.

கிரிக்கெட் பழக்கமில்லாத வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குச்சி விழுந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். காட்ச் பிடித்தால் அநேகமாக எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் எல்.பி.டபிள்யூ. என்பது நடந்த சம்பவம் அல்ல, நடந்திருக்கக்கூடிய சம்பவம். குறுக்கே கால் இல்லாதிருந்தால் பந்து குச்சியில் போய்ப் பட்டிருக்குமா என்று அம்பயர் மனத்துக்குள் ஒரு கதை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதுகிறவன் எதிர்க் கட்சிக்காரனாக இருந்தால் அவன் கதையை யார் நம்புவார்கள்? 'உன்னைக் கேட்பதும் ஒன்றுதான், சுவரைக் கேட்பதும் ஒன்றுதான்' என்று பையன்கள் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். பதில் சொல்கிறவனிடத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் கேள்விக்கு இடமில்லை. இந்தத் தத்துவத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் கிடைத்துவிட்டபடியால் இரண்டு கட்சித் தலைவர்களும் கூடிப் பேசினார்கள். "தாத்தா நிக்கறாரு, எல்.பி. உண்டு" என்று அறிவிப்பு வந்தது. என் வாழ்நாளில் கிடைத்த கௌரவங்களில் அது சின்னதல்ல.

முதல் ஓவரிலேயே கௌரவத்தின் விலை தெரிந்தது. பந்து காலில் பட வேண்டியதுதான், பத்துத் தொண்டைகள் ஒரே சமயத்தில் வெடித்தன. பந்து போட்டவன் கத்தினான், நியாயம். கீப்பர் கத்தினான், அதுவும் நியாயம். கொய்யா வேலியோரம் பக்கவாட்டில் நின்றவனும் கத்தினான். அவன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பந்து நேரே வந்ததா, கோணலாக வந்ததா என்று கழுகுக்குக்கூடத் தெரியாது. 'ஹௌஸாட்' என்று தொடங்கிய கூச்சல் வழியில் தேய்ந்து 'அவுட்டேய்!' என்று முடிந்தது. விரலை உயர்த்துகிற என் உத்தியோகத்தையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு சின்னப் பையன் பந்து போட வந்தான். பத்து வயசுக்கு மேல் இராது. பெரிய பையன்கள் கையிலிருந்து பந்து அவனிடம் வந்து சேரவே வெகு நேரமாகியிருந்தது. அவன் போட்ட மூன்றாவது பந்து அடிப்பவனின் முழங்காலுக்குக் கீழே பட்டது. வழக்கம்போல் கூச்சல். அவன் மட்டும் அதில் சேரவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தான். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு கேட்டான்:

"அவுட்டுங்களா, தாத்தா?"

திடுக்கிட்டுப் போனேன். அதுவரையில் அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பீல் என்றால் நமக்குக் கோர்ட்டு ஞாபகம்தான் வருகிறது. கீழ்க் கோர்ட்டில் தோற்றவன் மேல் கோர்ட்டுக்குப் போகிறான். சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயத்தை "அதுக்கு அப்பீலே கிடையாது" என்கிறோம். கிரிக்கெட்டில் அப்பீல் என்பது முதல் விண்ணப்பம். அது இல்லாமல் தீர்ப்பே பிறக்காது. இன்றைய சட்டப் புத்தகத்தில் 42 சட்டங்கள் இருக்கின்றன. 31-ஆவது சட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். ஒருவன் சட்டப்படி அவுட் ஆகியிருந்தாலும், எதிர்க் கட்சியில் ஒருவராவது கேட்டாலொழிய அம்பயர் அவனை அவுட் என்று சொல்லக் கூடாது. அடுத்த பந்துக்காகப் பந்து போடுகிறவர் ஓடத் தொடங்குமுன் கேட்டுவிட வேண்டும் என்று கெடுவும் உண்டு. 'ஹௌஸ் தட்' என்றால் போதும், எந்த வகையில் அவுட் என்று விவரிக்க வேண்டியதில்லை. இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரிக்கெட் சட்டம் 1744-ல் எழுதப்பட்டது. ஆட்டக்காரர் ஒருவர் முறையிட்டாலன்றி யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அதிலேயே அம்பயர்களுக்குக் கட்டளை இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமான ஏற்பாடு. கால்பந்தில் நடுவர் குற்றத்தைக் கண்டவுடன் விசில் ஊதிவிடுகிறார். கிரிக்கெட் அம்பயர் கண்ணால் கண்டும், காதால் கேட்டும், வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். பந்து மட்டையின் விளிம்பில் உரசிய ஓசை அவர் காதில் விழுந்திருக்கலாம். கீப்பர் பிடித்ததையும் அவர் பார்த்திருக்கலாம். ஆனால் மைதானத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்றால், தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பந்துக்குத் தயாராக வேண்டியதுதான்.

நமக்கு இது புதிதல்ல. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டித் தொங்கவிட்டான். கன்று தேர்க்காலில் அரைபட்டுச் செத்தது வீதியில். ஆனால் அரசன் எழுந்து வந்தது தாய்ப் பசு மணியை அசைத்த பிறகுதான். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பசு மணியை அடித்துவிட்டு நின்றது. அவ்வளவுதான். இன்ன தண்டனை வேண்டுமென்று அது கேட்கவில்லை. முறையீடு என்பதன் முழு இலக்கணமும் அந்த நிற்பில் அடங்கியிருக்கிறது. மணியை அடிக்க வேண்டும்; பிறகு நிற்க வேண்டும்.

'ஹௌஸ் தட்' என்பதைத் தமிழில் சொன்னால் 'இது எப்படி?' என்று ஆகும். நம் மொழியில் இந்த 'எப்படி' ஒரு பொல்லாத சொல். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரை நிறுத்தி, "குழந்தைக்கு எப்படி இருக்கிறது?" என்று ஒரு தகப்பன் கேட்கிறான். அதில் நடுக்கம் இருக்கிறது. பதில் டாக்டரிடம் இருக்கிறது. சீட்டாட்டத்தில் துருப்பைப் போட்டு மேஜையைத் தட்டிவிட்டு, "எப்படி!" என்று ஒருவர் நம்மைப் பார்க்கிறார். அதில் கேள்வியே இல்லை. பதிலும் அவரிடமே இருக்கிறது. நாம் வாயைப் பிளந்தால் போதும். எழுத்துக்கள் அதே நான்குதான். ஒன்றுக்குக் கேள்விக்குறி, மற்றதற்கு ஆச்சரியக்குறி. கிரிக்கெட் மைதானத்தில் முதல் 'எப்படி'யின் இடத்தை இரண்டாவது 'எப்படி' கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டு வருகிறது என்பதுதான் என் புகார்.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு இதன் வகைகள் தெரிந்திருக்கும். ஒரு வகை கெஞ்சல். பந்து போட்டவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் விரித்து, குரல் கம்மும்வரை கேட்கிறார். நாடகம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அம்பயர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்ற ஒப்புதல் அதில் உயிரோடிருக்கிறது. இன்னொரு வகை மிரட்டல். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். 'நீ மட்டும்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை' என்பது அதன் பொருள்.

மூன்றாவது வகைதான் எனக்குச் சற்றும் பிடிக்காதது. இதில் பந்து போட்டவர் அம்பயரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கைகளை விரித்துக்கொண்டு தோழர்களை நோக்கி ஓடுகிறார். அவர்கள் கட்டித் தழுவுகிறார்கள். கல்யாணப் பந்தலில் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது; தாலி கட்டியாயிற்றா என்றுதான் யாரும் விசாரிக்கவில்லை! பாதி ஓட்டத்தில் ஒரு சந்தேகம் தட்டி அவர் திரும்பிப் பார்க்கும்போது, அம்பயர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உடனே உலகமே தமக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் ஆட்டக்காரரின் முகம் மாறிப்போகிறது. கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ள மனிதனால்தான் முடியும்.

இந்தக் கூச்சலின் உண்மை எடை என்ன என்று பார்க்க இப்போது ஒரு தராசும் கிடைத்திருக்கிறது. 2008-ல் இந்திய அணி இலங்கையில் ஆடிய டெஸ்டுகளில், அம்பயரின் தீர்ப்பை ஆட்டக்காரர்களே மறு பரிசீலனைக்கு அனுப்பும் முறையை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று அது நிலைபெற்றுவிட்டது. நமக்குத் தெரிந்த கோர்ட்டு அப்பீல் இதுதான். கத்த வேண்டியதில்லை; தலைவர் இரண்டு கைகளால் ஆங்கில 'டி' எழுத்துப்போல் சைகை காட்டினால் போதும். கெடு 15 விநாடி. ஓர் இன்னிங்ஸுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. வீணாய்ப் போனால் கையிருப்பு குறையும்.

அந்த 15 விநாடிகளை வாசகர்கள் ஒரு தடவை கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒரு கணத்துக்கு முன்னால்தான் பதினோரு பேரும் சத்தியம் செய்வதுபோல் கத்தினார்கள். அம்பயர் இல்லை என்று சொன்னதும் தலைவர் வந்து, "என்ன, போகலாமா?" என்று கேட்கிறார். பந்து போட்டவர் உதட்டைப் பிதுக்குகிறார். கீப்பர் தலையை ஆட்டுகிறார். அதை ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். ஒருவர் பந்து கொஞ்சம் உயரமோ என்று கையால் காட்டுகிறார். இன்னொருவர் தரையைப் பார்க்கிறார். சைகை காட்டாமலே தலைவர் திரும்பிப் போய்விடுகிறார். இனாமாகக் கிடைத்தபோது பதினாறணாவாக இருந்த நிச்சயம், விலை கேட்டதும் நாலணாவாகிவிட்டது! அப்படியானால் முன்பு அவ்வளவு கத்தினார்களே, அது எதன் பேரில்?

"கத்தினால் என்ன மோசம்? அம்பயர் வேலை பதில் சொல்வது, அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டும்" என்று நண்பர்கள் சிலர் வாதிக்கிறார்கள். அம்பயரும் நம்மைப் போல் மனிதர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு ஜோடிக் கண், ஒரு ஜோடிக் காது. மெல்லிய உரசலைத் தாமே கேட்காதபோது, கேட்டவர்களின் குரலிலிருந்துதான் அவர் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குரலும் ஒரு சாட்சி. எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி கத்தினால் அந்தச் சாட்சி செத்துப் போகிறது. 'புலி, புலி' என்று கத்திய இடைப்பையன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும்.

கேள்வியின் முழுக் கனத்தையும் சேப்பாக்கம் மைதானம் ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்டின் ஐந்தாம் நாள், கடைசி ஓவர். இந்தியா ஜெயிக்க 348 ரன் வேண்டும். ரவி சாஸ்திரி ஒரு ரன் ஓடி எண்ணிக்கையைச் சமமாக்கிவிட்டு மறுமுனைக்குப் போய்விட்டார். இனி மணிந்தர் சிங் ஆட வேண்டும். அவர் கடைசி ஆள். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய கிரெக் மாத்யூஸ் ஐந்தாவது பந்தைப் போட்டார். அது காலில் பட்டது. கேட்டார். அம்பயர் விக்ரம் ராஜுவின் விரல் உயர்ந்தது. இரு கட்சிக்கும் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி ஆட்டம் சமமாக முடிந்தது அது இரண்டாவது தடவை. பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணிந்தர் பிற்பாடு சொல்லிவந்தார். அன்று மறு பரிசீலனை கிடையாது. ஐந்து நாள் உழைப்பும் ஒரு கேள்வியிலும் ஒரு விரலிலும் வந்து நின்றது. அப்படிப்பட்ட கணத்தில், கேட்கிறவன் நிஜமாகத்தான் கேட்கிறான் என்ற நம்பிக்கையும் இல்லாவிட்டால், அம்பயர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்?

கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அம்பயர் சம்மதித்தால் போதும். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துடன் பொன்விழா டெஸ்ட் நடந்தது. இந்தியாவின் தலைவர் ஜி. ஆர். விசுவநாத். இங்கிலாந்து 58 ரன்னில் 5 விக்கெட்டை இழந்து தத்தளித்தது. அப்போது வந்த பாப் டெய்லரைக் கபில் தேவின் பந்தில் கீப்பர் பிடித்ததாக அம்பயர் அவுட் கொடுத்தார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்ற விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியது. அம்பயரிடம் போய்ப் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். போத்தமும் அவரும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, நல்லவனுக்குக் காலம் இல்லை' என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்பதைப் புத்தகத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விசுவநாத் கூப்பிட்டது மட்டும் புத்தகம் இல்லாமலே ஞாபகம் வருகிறது.

ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறுவதெல்லாம் தர்மம், பெறாததெல்லாம் அதர்மம் என்று சொல்ல நான் தயாரில்லை. நம் சென்னை அசுவினின் கதையைப் பாருங்கள். 2012 பிப்ரவரி, பிரிஸ்பேன். பந்து போடுமுன்பே கோட்டைத் தாண்டி ஓடிய இலங்கையின் திரிமன்னேயை அவர் குச்சியைத் தட்டி ரன் அவுட் செய்து கேட்டார். அம்பயர்கள் கலந்து பேசினார்கள். தலைவர் சேவாக், டெண்டுல்கருடன் யோசித்து, முறையீட்டைத் திரும்பப் பெற்றார். ஏழு வருஷம் கழித்து, 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில், ஐ.பி.எல். ஆட்டத்தில் பட்லரை அதே மாதிரி அசுவின் அவுட் செய்தார். இம்முறை தலைவரும் அவரே. கேள்வி நின்றது, பட்லர் போனார். உலகம் பூராவும் கூக்குரல் எழுந்தது. அப்புறம் 2022-ல் சட்டப் புத்தகமே இவ்வகை அவுட்டை 'முறைகேடான ஆட்டம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்து, 'ரன் அவுட்' என்ற தலைப்பின்கீழ் வைத்துவிட்டது.

2023 நவம்பர் 6, டில்லி. உலகக் கோப்பை ஆட்டம். இலங்கையின் ஆஞ்சலோ மாத்யூஸ் ஆட வந்தார். தலைக்கவசத்தின் வார் அறுந்துவிட்டது. இரண்டு நிமிஷக் கெடு கடந்துவிட்டது என்று வங்காள தேசத்தின் ஷகிப் அல் ஹசன் கேட்டார். திரும்பப் பெறுகிறீர்களா என்று அம்பயர்கள் அவரை விசாரித்தார்கள். அவர் மறுத்தார். ஒரு பந்துகூட ஆடாமல் மாத்யூஸ் வெளியேறினார். சர்வதேசக் கிரிக்கெட்டில் காலம் கடந்து வந்ததற்காக ஒருவர் அவுட் ஆனது அதுவே முதல் தடவை.

ஷகிப் கேட்டது அழகாக இருந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அசுவின் கேட்டது எனக்குத் தவறாகப் படவில்லை. வாசகர்களின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு இடத்திலும் கேட்டவர் பொய்யாகக் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே கால் இருந்தது உண்மை. கெடு கடந்ததாக அம்பயர்களே ஒப்புக்கொண்டார்கள். மெல்லிய குரலில் உண்மையான கேள்வி கேட்ட இவர்களை உலகம் வருஷக்கணக்கில் திட்டுகிறது. படவில்லை என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தியவர்களை, 'ஆட்டத்தில் எவ்வளவு துடிப்பு!' என்று அதே உலகம் புகழ்கிறது. இந்த ரசனை எனக்குப் புரியவில்லை.

2000-ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்துக்கு ஒரு முன்னுரை சேர்த்தார்கள். அவுட் இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது ஆட்டத்தின் ஆன்மாவுக்கு விரோதம், ஏமாற்று வேலை என்று அதில் பச்சையாகவே எழுதியிருந்தார்கள். 2017-ல் வந்த சட்டத்தில் அளவு மீறி முறையிடுவது ஆட்டக்காரரின் குற்றங்களில் ஒன்றாகவே சேர்ந்தது. அளவை அளந்துவிடலாம். தெரிந்துகொண்டே கேட்டானா என்பதை எந்த அம்பயர் அளப்பார்? அதற்கு வேறோர் அம்பயர் வேண்டும். அவர் மைதானத்தில் இல்லை.

எஸ். வெங்கடராகவனை நினைத்துக்கொள்கிறேன். நம் சென்னைக்காரர். சுழல் பந்து வீசுபவராக 57 டெஸ்டுகளில் அம்பயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கேட்டவர். பிற்பாடு 73 டெஸ்டுகளில் அம்பயராக நின்று, கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர். எல்லாரும் அவர் ஆக முடியாது. ஆனால் பந்து போடப் பழகும் ஒவ்வொரு பையனையும் ஒரு மாலை அம்பயராக நிற்க வைத்தால் என்ன? பத்துப் பேர் முகத்துக்கு நேரே கத்தும்போது அதில் கேள்வி எவ்வளவு, கூச்சல் எவ்வளவு என்று அவனே தெரிந்துகொள்வான். எனக்கு அது தெரிய எழுபது வயசும் ஆயக்குடியும் வேண்டியிருந்தன.

இனி அந்த முள்ளைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூட நாட்களில் நான் கீப்பர். இரண்டு வகுப்புகளுக்குள் பந்தயம். எதிர்க் கட்சியில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. பந்து, அடித்தவனின் சட்டையைத் தடவிக்கொண்டு என் கைக்கு வந்தது. மட்டையில் படவில்லை, சட்டைத் துணி அசைந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். ஒரு பந்துக்கும் வீணாகக் கத்தாத பையன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அம்பயராக நின்ற வாத்தியார் என் குரலை நம்பி விரலைத் தூக்கிவிட்டார். சேர்த்து வைத்திருந்த நல்ல பெயரையெல்லாம் அந்த ஒரு கூச்சலில் செலவழித்தேன். அடித்தவன் அம்பயரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் ஜெயித்தோம். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று நான் தயாராகத்தான் இருந்தேன். கேட்டால்தானே சொல்ல முடியும்?

அவன்தான் ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறவன்.

அன்று மாலை அந்தச் சின்னப் பையன் கேட்டபோது, பந்து எங்கே குத்தியது, எந்தப் பக்கம் போனது என்று நிதானமாக யோசித்தேன். "இல்லை தம்பி, கால் பக்கமாகப் போயிருக்கும்" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் தன் இடத்துக்கு நடந்தான். அவன் கட்சிக்காரர்கள்தான் முணுமுணுத்தார்கள்.

இரவு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தோழன் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக்கொண்டிருந்தான். சாலையில் நடைக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஐம்பது வருஷத்துக்கு மேலான விஷயம். இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"தெரியும்டா" என்றான்.

"தெரியுமா? பின்னே ஏன் கேட்கவில்லை?"

"கேட்டேனே! அன்னிக்கு நான் வாத்தியாரையா பாத்தேன்? உன்னைத்தானே பாத்தேன். நீதான் பதில் சொல்லலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். சட்டத்தில் சொல்லியிருக்கும் கெடுவெல்லாம் எப்போதோ கடந்துபோய்விட்டது. ஆனாலும் சொன்னேன்.

"அவுட் இல்லை."

"சரிடா" என்று ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தான்.